கடலையா, முந்திரியா?

தூத்துக்குடிக்கு வந்து திரும்புகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு மக்ரூன் பெட்டி இருக்கும். கோவில்பட்டி வழியாக ஊருக்குப் போகிறவர் என்றால் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே மாவட்டத்துப் பண்டங்கள். ஒன்று முந்திரியில் ஆனது, மற்றது நிலக்கடலையில் ஆனது. முந்திரி என்றால் சத்து, கடலை என்றால் சும்மா கொறிப்பது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. கர்ப்பிணிக்கு முந்திரி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு முந்திரி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு முந்திரி. கிலோ விலை கடலையைப் போல ஐந்தாறு மடங்கு. அதனால் சத்தும் அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். வரவுக்கும் செலவுக்கும் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த நம்பிக்கைக்காக முந்திரிக்குப் பணம் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

முதலில், விலை ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். முந்திரியின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிக் கரையின் பரதவர்களுக்கும் அவர்களுக்கும் நெருக்கம் ஏற்பட்டதும் அதே நூற்றாண்டில், 1530களில்தான். ஐரோப்பாவில் பாதாமில் செய்கிற மக்ரூன் இந்தக் கரைக்கு வந்தபோது முந்திரிக்கு மாறிக்கொண்டது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் பனையோடு முந்திரி மரமும் நிற்கிறது. ஆனாலும் இந்திய ஆலைகள் உடைக்கிற கொட்டையில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற நாடுகளின் கொட்டை ஓட்டோடு தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கி, கொல்லத்துக்கும் குமரி மாவட்டத்து ஆலைகளுக்கும் போகிறது. அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோ, ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பைக் காயவைத்து, மெல்லிய தோலை உரித்து, முழுசு வேறு உடைசல் வேறாகப் பிரிக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. விலையை ஏற்றுவது இந்த உழைப்பும் கப்பல் கூலியும்தான்.

கடலைக்கு இத்தனை பாடு இல்லை. பூ மேலே பூக்கும். பூவின் அடியிலிருந்து ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கி அங்கே காய் பிடிக்கும். முந்திரி மா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலையோ துவரைக்கும் உளுந்துக்கும் சொந்தம், பயறு வகை. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. புரதம் கட்டுவதற்கு நைட்ரஜன்தான் மூலப்பொருள். பயறு வகைகளில் புரதம் மிகுந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உரித்துக் காயவைத்த நிலக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. முந்திரியில் 18 கிராம். நார்ச்சத்து கடலையில் 8 முதல் 10 கிராம் வரை, முந்திரியில் மூன்றரைக்குப் பக்கம். ரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி இவை சற்று முன்பின் ஆகும். ஆனால் ஒரே மூச்சில் 100 கிராம் யாரும் தின்பதில்லை. ஒரு கைப்பிடி என்பது 30 கிராம். நடுத்தர அளவு முந்திரி என்றால் சுமார் 20 பருப்பு. இனிப் பெரும்பாலும் கைப்பிடியிலேயே கணக்குப் போடுவோம்.

கைப்பிடிக் கடலையில் ஏழரை கிராம் புரதம், ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்று அதிகம். முந்திரியில் ஐந்தரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதில் ஆறில் ஒரு பங்கைக் கைப்பிடிக் கடலை கொடுத்துவிடுகிறது. இங்கே முந்திரிக்குச் சாதகமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலம் கடலைப் புரதத்திலும் அதிகமில்லை. புரதத்தின் தரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் முந்திரி மேல். ஆனால் கடலையில் புரதமே கூடுதல் என்பதால், கைப்பிடிக்குக் கைப்பிடி இரண்டிலும் கிடைக்கிற லைசின் ஏறக்குறைய ஒன்றுதான். சோற்றுக்குச் சரியான துணை துவரம்பருப்பும் பாசிப்பயறும் மீனும். கடலை தின்கிறோமே என்று குழம்பில் பருப்பைக் குறைக்கக் கூடாது.

மாவுச்சத்து என்று பார்த்தால், முந்திரியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் உண்டு. அரைத்துக் குருமாவில் ஊற்றினால் கெட்டியாவது அதனால்தான்.

கொழுப்பு விஷயத்தில் வீண் பயம் நிறைய இருக்கிறது. முந்திரி தின்றால் கொலஸ்ட்ரால் ஏறும் என்று ஒதுக்குகிறவர்கள் எத்தனையோ பேர். உணவிலிருந்து நமக்கு வருகிற கொலஸ்ட்ரால் இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்கு உணவுகளிலிருந்து வருவது; முந்திரிக்கும் கடலைக்கும் அதில் பங்கில்லை. இரண்டிலும் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய்ச்சத்து. அதில் பெரும்பகுதி இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. எண்ணெய்ச்சத்து இத்தனை இருப்பதால் கலோரி அதிகம். எதை எடுத்தாலும் கைப்பிடிக்கு 160 முதல் 175 வரை. ஒரு கைப்பிடி நல்லது. டிவி முன் உட்கார்ந்து பாக்கெட்டைக் காலி செய்தால் உடம்பில் ஏறத்தான் செய்யும்.

தாதுக்களில் முந்திரி உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. கைப்பிடிக்கு 85 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம், கடலையில் 50. தாமிரமும் துத்தநாகமும் முந்திரியில் ஏறக்குறைய இரு மடங்கு. இரும்புச்சத்து முந்திரியில் 2 மில்லிகிராம், கடலையில் 1.4. ரத்தசோகைக்கு முந்திரி என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். அதில் 2 என்பது சிறு துளி. அதுவும் முழுதாக உடம்பில் ஒட்டாது. இரண்டு பருப்பிலும் இருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் வாங்கிக்கொள்ள உதவும். தின்ற கையோடு டீ குடித்தால் எதிர்மாறாக நடக்கும். ரத்தசோகை உள்ளவர் முந்திரிக்குச் செலவழிக்கிற பணத்தில் முருங்கைக்கீரையும் மீனும் வாங்கலாம், டாக்டர் தருகிற இரும்பு மாத்திரையை விடாமல் போடலாம்.

வைட்டமின்களுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஃபோலேட் என்கிற பி வைட்டமின் 100 கிராம் கடலையில் 240 மைக்ரோகிராம், முந்திரியில் 25. வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக இது வேண்டும். கர்ப்பிணிக்கு முந்திரியை வாங்கிக் கொடுத்துவிட்டு, கடலை தின்றால் பித்தம் என்று தடுப்பது எத்தனை தலைகீழான காரியம் பாருங்கள்! வறுத்தாலும் அவித்தாலும் ஃபோலேட் ஓரளவு குறையும். மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்குக் கடலை மாற்றாகாது என்பதும் உண்மை. ஆனால் சூட்டில் குறைந்த பிறகும் கடலையின் ஃபோலேட் முந்திரியைவிடப் பல மடங்கு மிஞ்சும். நியாசின் என்கிற பி3 கடலையில் 12 மில்லிகிராம், முந்திரியில் ஒன்று. இந்த பி3 குறைந்தால் தோல் வெடித்துக் கறுக்கிற பெலாக்ரா நோய் வரும். சோளத்தையே பிரதான உணவாகக் கொண்ட ஏழைத் தொழிலாளர்களிடம் அந்த நோய் இருந்ததை ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1960களில் ஆராய்ந்தது. நம் கரிசல் காடும் சோளம் விளைந்த பூமிதான். சோளச் சோற்றில் குறைவதைக் கடலை ஈடுகட்டக்கூடியது. வைட்டமின் ஈயும் கடலையில் எட்டு மடங்குக்கு மேல்.

இரண்டிலும் கிடைக்காதவையும் உண்டு. பி12 அறவே இல்லை. சுண்ணாம்புச்சத்து சொற்பம். மீனில் கிடைக்கிற ஒமேகா 3 கொழுப்பும் இல்லை. கடற்கரைக்காரர்களுக்கு இவை மூன்றையும் முள்ளோடு தின்கிற நெத்திலியும் சாளையும் மலிவாகத் தந்துவிடுகின்றன. மீன் தின்னாதவர் சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், பால் என்று தேட வேண்டும். பி12க்குப் பாலும் தயிரும்.

இனி மிட்டாய்க்கும் மக்ரூனுக்கும் வருவோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், தொடக்கக் காலத்தில் கருப்பட்டிப் பாகில் செய்யப்பட்டது, இப்போது வெல்லப்பாகு. கடலை இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 30 கிராம் மிட்டாயில் 20 கிராம் கடலை, 5 கிராம் புரதம், 10 கிராம் வெல்லம். மக்ரூனில் அடித்து நுரைத்த முட்டை வெள்ளைக்கருவோடு சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்கின்றன. முந்திரிக்குச் சமமாகச் சர்க்கரை போட்டால் எடையில் ஏறக்குறைய பாதி இனிப்புதான். வாயில் வைத்ததும் கரைகிற அந்த லேசுக்குக் காரணம் வெள்ளைக்கருவின் நுரையில் அடைபட்ட காற்று. அதனாலேயே எத்தனை தின்றோம் என்பது தெரியாமல் போகிறது. மக்ரூன் எனக்குப் பிடித்த பண்டம், வருகிறவர்களுக்கு மனமாரக் கொடுப்பது. ஆனால் அதைச் சத்துக்காக யாரும் வாங்க வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறக்கக் கூடாது. அவர்களுக்கு வறுத்த கடலையோ அவித்த கடலையோ போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புப் போடாமல் அவித்துக்கொள்ளட்டும். சிவப்புத் தோலை ஊதித் தள்ளாமல் தின்பது நல்லது. நார்ச்சத்தும் நிறமிச் சத்துகளும் அதில் உண்டு.

முந்திரி வாங்கியே தீரவேண்டும் என்றால் உடைசல் வாங்குங்கள். முழு முந்திரி உருவத்தை வைத்துத் தரம் பிரிக்கப்படுகிறது. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று டப்பாவில் போட்டிருப்பது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் காட்டும் எண். எண் குறையக் குறைய பருப்பு பெரிது, விலையும் பெரிது. பாயசத்தில் போடவும் குருமாவுக்கு அரைக்கவும் உடைசலே போதும். சத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கடலை வாங்குகிறவர்கள் பூஞ்சையைக் கவனிக்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருப்பது தெரிந்தது. ஈரம் போகக் காயாத கடலையிலும், காற்றில் ஈரம் கூடிய இடத்தில் மூட்டையாகக் கிடக்கிற கடலையிலும் இந்தப் பூஞ்சை பிடிக்கும். நம்முடையது உப்புக் காற்று வீசும் கடலோரம். வறுத்தால் நஞ்சு முழுதும் போகாது. ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். சுருங்கியது, நிறம் மாறியது, முடை வாசம் அடிப்பது, கடித்ததும் கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கித் தூர எறிய வேண்டும். வீணாகிறதே என்று கோழிக்கும் போடக் கூடாது. கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுவதே வழி.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் முந்திரியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம், அதில் ஆக்சலேட் அதிகம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டையுமே முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். பொடித்தோ விழுதாக அரைத்தோ கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முதன்முறை கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துக் கவனியுங்கள். உடம்பு தடித்தாலோ உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.