உங்கள் ஊர் எது?

படிவத்தோடு வந்து நம்மிடம் கேள்வி கேட்போர் பலர். கிராம சேவகர் வருவார். நிவாரண உத்தியோகத்தர் வருவார். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துப் போய்விடுவார்கள். கலாநிதிப் பட்டத்துக்காக வரும் மானிடவியல் ஆய்வாளர் அப்படியல்லர். ஓராண்டோ அதற்கு மேலோ நம்மோடு தங்கி, நாம் உண்பதையும் உழைப்பதையும் பார்த்து எழுத வேண்டியவர்.

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இது இலகுவான வேலையன்று. உள்ளே நுழையத் தோட்டத்துரையின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று வந்தால் 'துரையின் ஆள்' என்ற சந்தேகம். ஒரு தொழிற்சங்கத் தலைவரின் கையைப் பிடித்து வந்தால் மற்றச் சங்கத்தார் வாய் திறக்கமாட்டார்கள். பெண்களுக்கோ நேரமில்லை: காலையில் பெரட்டு, பகலெல்லாம் மலையில் கொழுந்து, மாலையில் அடுப்படி. பேச உட்கார்ந்தாலும் லயத்துக் காம்பராவில் தனிமை ஏது? சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கடனையும் சாதியையும் குடும்பச் சண்டையையும் அயலார் காதில் விழ யார் சொல்வார்?

இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வலன்டைன் டானியல் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் ஆய்வு செய்து, 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். 'ஊர்' என்ற சொல்லுக்கு அதில் பெரிய இடமுண்டு. கிராமம் என்பது அரசாங்கம் கோடு போட்டுக் காட்டும் எல்லை. ஊர் என்பதோ சொல்பவரையும் கேட்பவரையும் பொறுத்து மாறும், மண்ணோடும் மனிதரோடும் ஒட்டியது என்று அவர் கண்டார். இதை நமக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை! பாட்டனாருக்கு ஊர் திருச்சிப் பக்கம். தகப்பன் பிறந்தது ஊவாத் தோட்டத்தில். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னியில் காடு வெட்டிப் பயிர் செய்தோரும், யுத்தத்தில் அங்கிருந்தும் பெயர்ந்தோரும் எதைச் சொல்வது? 1948இல் குடியுரிமையை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்ட மக்களுக்கு இக்கேள்வி அச்சமூட்டியதும் உண்டு. நாடற்று எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதுவரை, 'இந்தியா' என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்தால் என்ன ஆகுமோ என்று யோசித்தே பதில் சொன்னார்கள்.

டானியல் 1983இல் தோட்டப் பெண்களின் பாட்டுகளைச் சேகரிக்க இலங்கை வந்தார். ஜூலை வன்செயலின் சூடு ஆறவில்லை. மக்கள் மனத்தில் இருந்தது பாட்டல்ல. ஆகவே ஆய்வும் திசைமாறியது; வன்முறையைப் பற்றிய அவரது நூல் 1996இல் வெளிவந்தது. கேட்க வந்ததை விட்டு, சொல்லப்பட்டதைக் கேட்டவர் என்பதாலேயே அவரை மதிக்கலாம்.

எல்லாரும் அப்படியில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அப்படிப்பட்ட துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது புண்ணைக் கிளறுவதே. பட்டம் ஆய்வாளருக்கு, நமக்கு என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. இன்று பல பல்கலைக்கழகங்கள், பேசுவோரின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று மாணவருக்கு விதி வைத்துள்ளன. பெயரை மாற்றி எழுதச் சொல்லலாம். ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லலாம். பாதியில் எழுந்து போகலாம். எழுதி முடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டும்படியும் கேளுங்கள். 'ஊர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.