அச்சம் நோயாகும் வேளை

மலைப்பொழிவிலே இயேசு வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் சுட்டிக்காட்டி, நாளையைப் பற்றிய கவலையை விட்டுவிடுமாறு சீடரைக் கேட்டுக்கொண்டார். துவண்ட உள்ளங்களுக்கு ஆறுதலாகவே அவ்வார்த்தைகள் அருளப்பட்டன. ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் அவை குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றன. இரவெல்லாம் உறங்காது நடுங்கும் ஒரு தாயிடம், "விசுவாசம் போதாது, இன்னும் செபியுங்கள்" என்று கூறும்போது, சுமை தாங்காது வருந்துபவர்மீது மற்றுமொரு சுமையை நாம் ஏற்றிவிடுகின்றோம்.

அச்சம் இறைவன் தந்த கொடை. பாம்பைக் கண்டதும் காலைப் பின்னிழுக்கச் செய்வதும், பிள்ளை வீடு திரும்பத் தாமதித்தால் நம்மை வாசலுக்கு வரச் செய்வதும் அதுவே. காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும். காரணம் நீங்கிய பின்னரும், சில வேளைகளில் காரணமே இல்லாதபோதும், அச்சம் உடலையும் உள்ளத்தையும் விடாது பற்றிக்கொள்ளும் நிலையையே பதகளிப்பு நோய் என்கின்றனர். நீரிழிவைப் போன்று, உயர் குருதி அமுக்கத்தைப் போன்று இதுவும் ஒரு நோய். இது பாவமன்று, கோழைத்தனமுமன்று.

அவ்வாறாயின் வைத்தியரை நாடவேண்டிய வேளை எது? உங்கள் இல்லத்தில் உள்ளோரை எண்ணிச் சற்றுச் சிந்தியுங்கள். கவலை வாரக்கணக்கில், பெரும்பாலான நாள்களில் தொடர்கின்றதா? உறக்கத்தையும் உணவையும் தொழிலையும் படிப்பையும் அது குலைக்கின்றதா? நெஞ்சுப் படபடப்பு, மூச்சுமுட்டல், கைநடுக்கம் என்று பரிசோதனைகள் செய்து, யாவும் சரியெனக் கூறப்பட்ட பின்னரும் அவை ஓயவில்லையா? பேருந்து, சந்தை என ஒவ்வோர் இடமாக ஒதுக்கி, வாழ்வு வீட்டுக்குள்ளேயே சுருங்குகின்றதா? 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின்னர் ஆலயத்துள் நுழையவே அஞ்சுகின்றாரா? பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட அதே பாவத்தை, மன்னிப்புக் கிடைக்கவில்லையோ என்ற அச்சத்தால் மீண்டும் மீண்டும் அறிக்கையிடுகின்றாரா? மதுவினாலோ, தாமாகவே வாங்கிய தூக்க மாத்திரையினாலோ பயத்தை அடக்க முயலுகின்றாரா? இவற்றில் ஒன்றேனும் உண்டெனில் காலம் தாழ்த்தாதீர்கள். இறந்துபோனால் நல்லது என்ற எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அவரைத் தனியே விடாது அன்றைய தினமே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நம்மவர் சிலர் இதனைச் செய்வினை என்றும் தீய ஆவியின் வேலை என்றும் எண்ணி அலைகின்றனர். திருச்சபையின் போதனை இதிலே தெளிவானது. 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, 1673ஆம் எண்ணில், பேயோட்டுதல் வேறு, நோய் வேறு என்று பிரித்துக் காட்டுகின்றது. உளநோய்க்குச் சிகிச்சையளிப்பது மருத்துவத்துறையின் பணி என்றும் அது எடுத்துரைக்கின்றது.

வேறு சிலரை நாணம் தடுக்கின்றது. ஊர் என்ன சொல்லும், மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே என்று அஞ்சுகின்றனர். 2025இல் இறைபதம் அடைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதிலே நமக்கு முன்மாதிரி. ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி நிலவிய காலத்தில், அங்கு இயேசு சபையினரின் மாகாணத் தலைவராயிருந்த அவர், ஏறத்தாழ ஆறு மாதங்கள் வாரமொருமுறை ஒரு பெண் உளமருத்துவரிடம் சென்றார். பதகளிப்பைக் கையாளவும், அவசர முடிவுகளைத் தவிர்க்கவும் அம்மருத்துவர் துணைபுரிந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார். திருத்தந்தை மறைக்காததை நாம் ஏன் மறைக்கவேண்டும்?

முதலில் உங்களுக்குப் பழக்கமான வைத்தியரிடமே செல்லலாம். தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்கினாலும் இத்தகைய படபடப்புத் தோன்றும். அதனை அவர் பரிசோதித்து அறிவார். தேவையெனில் உளமருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ அனுப்புவார். பலருக்கு உரையாடல் வழிச் சிகிச்சையே போதுமானது. மருந்து தரப்பட்டால், அதன் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். சுகம் கண்டவுடன் தாமாகவே நிறுத்திவிடலாகாது. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இச்சேவை இலவசமாகவே கிடைக்கின்றது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துடனும் தொடர்புகொள்ளலாம்.

அப்படியானால் செபம் எதற்கு? சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயுற்றோர் ஆண்டவரை மன்றாடவேண்டும் என்றும், வைத்தியருக்கும் இடமளிக்கவேண்டும் என்றும் ஒருசேரக் கற்பிக்கின்றது. வைத்தியரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கின்றது. நற்கருணையும் செபமாலையும் நோயாளருக்கு வலிமையூட்டட்டும். மருந்து தன் வேலையைச் செய்யட்டும்.

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியர் காயப்பட்டவரின் புண்களுக்குத் தாமே கட்டுப்போட்டார். அத்தோடு நில்லாது, அவரைச் சாவடிக்குக் கொண்டுசென்று, பராமரிக்கக்கூடியவரிடம் இரு தெனாரியம் கொடுத்து ஒப்படைத்தார். திரும்பி வருவதாகவும் வாக்களித்தார். உங்கள் இல்லத்திலும் அஞ்சி நடுங்கும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு அறிவுரை கூறுவதை நிறுத்தி, அவர் சொல்வதைக் கேளுங்கள். கிளினிக் நாளில் அவரோடு கூடச் சென்று, வரிசையில் அவர் அருகே அமர்ந்திருங்கள்.