எதிராளிக்குத் துணை யார்?

“நான் ஒருத்தருக்கும் வழக்குப் போடேல்லையே பிள்ளை. பிறகேன் கோட்டுக்கு வரவேணும்?”

நீதிமன்ற வாசலில், அண்மையில்தான் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சட்டத்தரணியிடம் ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, மடித்து மடித்தே நைந்துபோன அழைப்பாணை. பக்கத்துக் காணிக்காரர் தொடுத்த உரித்து வழக்கில் அவர் இரண்டாம் எதிராளி. கடிதம் வந்த நாளிலிருந்து சாமியறையில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் குடியியல் வழக்குகளில் எதிராளி தோற்பது பல வேளைகளில் நியாயம் இல்லாததால் அல்ல, வராததால். தவணைக்கு எதிராளியின் பக்கம் எவரும் தோன்றாவிட்டால் வழக்கு ஒருதலையாக விளங்கப்படும். அப்படிக் கிடைத்த தீர்ப்பாணை கையில் சேர்ந்து 14 நாட்களுக்குள் தகுந்த காரணம் காட்டினால் அதை நீக்கலாம் என்று 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இடம் தருகிறது. அந்த 14 நாட்களில் யாரிடம் போவது என்று தெரியாதவர்கள்தான் வீட்டையும் வளவையும் இழக்கிறார்கள்.

அமெரிக்காவில் எதிராளிகளுக்காக மட்டும் வாதாடும் சட்டத்தரணிகளுக்கென்றே சங்கங்கள் உண்டு. அவற்றுள் பெரிதான டி.ஆர்.ஐ. 1960இல் தொடங்கியது. அங்கே எதிராளியின் பின்னால் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனி நிற்கும். இங்கே அந்த அம்மாவின் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள்? நம் சட்டத்தரணிகள் இன்று வழக்காளிக்கும் நாளை எதிராளிக்கும் தோன்றுபவர்கள். ஆகவே இந்தப் பொறுப்பை எடுக்க வேண்டியது உள்ளூர்ச் சட்டத்தரணிகள் சங்கம்தான்.

நம் சட்டத் தொழிலில் 1974க்கு முன் அப்புக்காத்துமார் (அட்வகேட்) வேறு, பிரக்கிராசிமார் (புரொக்டர்) வேறு. அமைப்புகளும் வேறு வேறு. நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் ‘சட்டத்தரணி’ என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அந்த ஆண்டே இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் பிறந்தது. இன்று சட்டக் கல்லூரிப் பரீட்சை, மூத்தவரிடம் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எல்லாம் முடித்து ஊர் திரும்பும் பிள்ளை செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, உள்ளூர்ச் சங்கத்தில் பெயர் பதிவது. சந்தா கட்டுவதோடு அது முடிந்துவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

ஏனென்றால் இங்கே காணி வழக்குகள் பலவற்றில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வந்து நிற்கும். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிக் கொடுத்தது. 1806இல் ஆங்கிலேயர் சட்டவலு அளித்தது. முதிசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்துப் பிரிவுகளைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. முன்னுரிமைக் கொள்வனவு வழக்கில் காணியை வாங்கியவர் எதிராளியாக வந்து நிற்கும்போது, பங்காளிக்கு அறிவித்தல் முறைப்படி போனதா என்று 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை வைத்து இழை இழையாகப் பார்ப்பது வேறொன்று. இது மூத்தவர்களின் பக்கத்தில் இருந்து பழகவேண்டிய தொழில். பழகுவதற்கான இடம் சங்கம்.

போரும் இந்த வழக்குகளுக்குள் இருக்கிறது. 1995இல் குடாநாட்டின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பலரின் உறுதிகள் தொலைந்தன. பத்து வருட ஆட்சி உரிமை என்ற பழைய விதி, ஊருக்குத் திரும்பியவர்களின் கழுத்தை நெரித்தது. 1.5.1983 முதல் 18.5.2009 வரையான காலத்தை, போரால் உரிமை தேட முடியாமற்போனவர்களுக்குப் பாதகமாகக் கணக்கிடாதிருக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதைப் பயன்படுத்த இரண்டே ஆண்டுகள் தரப்பட்டன. எத்தனை கிராமங்களுக்கு இந்தச் செய்தி நேரத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும்?

சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் முதல் தவணையன்று, பெயர் கூப்பிடும் அந்த நிமிடத்தில், வாசலில் திகைத்து நிற்பவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். சங்கங்கள் முறை வைத்து, இளையவர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் அதற்கென நிறுத்தலாம். ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போதும்.

அன்று அந்தப் பிள்ளை மூத்த சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிவந்தார். அம்மா பதிலாள் பத்திரத்தில் எழுத்தெழுத்தாகக் கையொப்பம் வைத்தார். வழக்குக் கூப்பிட்டார்கள்; மறுமொழி அணைக்கத் தவணை கிடைத்தது. வெளியே வந்ததும் அழைப்பாணையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: “அடுத்த முறை எத்தினை மணிக்கு வரவேணும் பிள்ளை?”