பெரியவர்களின் பல்லை யார் பார்ப்பது?



தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த யாரும் பல் மிஸ்ஸியை மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பெட்டிகளோடு வந்து இறங்குவார். வகுப்பறையின் ஓர் ஓரத்தில் மடக்கு நாற்காலி விரியும். பெயரைக் கூப்பிட்டதும் கழிவறைப் பக்கம் ஓடியவர்களில் நானும் ஒருவன். இன்று மம்பாவ் வட்டாரத்தில் ஆசிரியராக இருந்துகொண்டு, ஓடும் பிள்ளைகளைப் பிடித்து வந்து உட்கார வைப்பதும் நானேதான்!

அப்படி ஒரு நாள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் கன்னம் வீங்கிய நிலையில் பள்ளிக்கு வந்தார்.

"சார், மிஸ்ஸி வந்திருக்காங்களாமே. எனக்கும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க சார்" என்றார்.

மிஸ்ஸி அன்போடுதான் பதில் சொன்னார். "அக்கா, நான் பிள்ளைங்களை மட்டும்தான் பார்க்கலாம். நீங்க சிரம்பான் பல் கிளினிக்குக்குப் போங்க."

சிரம்பானுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அந்தத் தாய் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பிள்ளையின் பல்லை அடைக்கத் தெரிந்தவருக்குத் தாயின் பல்லை அடைக்கத் தெரியாதா? இந்தக் கேள்வி அன்று முழுவதும் என் மனத்தைக் குடைந்தது.

மிஸ்ஸி வந்த கதை

முதல் உலகப் போரின்போது நியூசிலாந்தில் படையில் சேர வந்த இளைஞர்களின் பற்கள் மிக மோசமாக இருந்தன. இதைக் கண்டு விழித்துக்கொண்ட அந்நாடு, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பராமரிக்க 1921ஆம் ஆண்டு வெலிங்டன் நகரில் பெண்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. அதே முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நம் பள்ளிகளுக்கு வந்த மிஸ்ஸிகள் அந்த வழியில் வந்தவர்களே. இன்று அவர்களுக்குப் பல் சிகிச்சையாளர் என்று பெயர். பிள்ளைகளின் பல்லைச் சோதிப்பது, சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, தேவையானால் பிடுங்குவது ஆகியவை அவர்களது வேலை. 17 வயது வரை உள்ளவர்களைப் பார்ப்பதற்கென்றே அமைந்த பயிற்சி அது.

பெரியவர் வாய் வேறு

இந்த வயதுக் கட்டுப்பாட்டுக்குத் தக்க காரணம் உண்டு. பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆற நாளாகும். இன்னொருவர் இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுவார். அவருக்கு இரத்தம் எளிதில் நிற்காது. வெற்றிலையும் புகையிலையும் பல்லாண்டு மென்ற வாயில் வெள்ளைத் திட்டு ஒன்று சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது. சுகாதார அமைச்சு தோட்டங்களைத் தேடி வந்து வாய்ப் பரிசோதனை நடத்தியதும் அதனால்தான்.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல்வலி என்று, சான்றிதழ் எதுவும் இல்லாத ஒருவரிடம் போனார். அவர் பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவில்லை. மறுபடியும் போனார், பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். மாதக்கணக்கில் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் அது புற்றுநோய் என்று தெரிந்தது. பல்லைப் பிடுங்கத் தெரிந்த கை அது. எதைப் பிடுங்கக்கூடாது என்று தெரிந்த கண் அதற்கு இல்லை.

டிரசர் காட்டிய வழி

அதற்காகப் பெரியவர்களைப் பல் டாக்டர் ஒருவரே பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கலாமா? நம் தோட்டத்து டிரசரை நினைத்துப் பாருங்கள். அவர் டாக்டர் அல்லர். ஆயினும் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் நம் பெற்றோர் அவரையே நம்பினார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கென்று ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. முறை வைத்து வரும் டாக்டர் ஒருவர் அவருக்கு மேலே இருந்தார். தகுதி, பதிவு, மேற்பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றன.

மற்ற நாடுகளும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. நியூசிலாந்தில் பல் சிகிச்சையாளர் பெரியவர்களைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனிப் பயிற்சியும் தனி அங்கீகாரமும் வேண்டும். பல் டாக்டரின் மேற்பார்வையும் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2009இல் இதற்கு ஒரு சட்டமே இயற்றியது. அங்கே உயர்நிலைச் சிகிச்சையாளர் ஆவதற்கு முதலில் பல் டாக்டரின் மேற்பார்வையில் 2,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பிறகு எந்தெந்தச் சிகிச்சையைத் தாம் செய்யலாம், எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வசதி குறைந்த மக்களுக்குச் சிகிச்சை கிடைப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். பிரிட்டனில் 2013 முதல், நோயாளி பல் டாக்டரைப் பார்க்காமலே நேராகச் சிகிச்சையாளரிடம் போகலாம். ஆனால் தாம் பயின்ற எல்லையைச் சிகிச்சையாளர் தாண்டக்கூடாது.

நம் நாட்டிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அது பல் சிகிச்சையாளர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவு வந்துவிட்டது. பெரியவர்களுக்கான கூடுதல் பயிற்சியும், டாக்டரின் மேற்பார்வையும், 'இதற்கு மேல் டாக்டரிடம் அனுப்பு' என்ற தெளிவான எல்லையும் சேர்ந்தால், பிள்ளைக்காக வரும் அதே மிஸ்ஸி தாயையும் பார்க்கும் நாள் வரலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஏழைக்கு அரைகுறை வைத்தியம் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா?

அதுவரை நாம் செய்யக்கூடியது

முதலாவது, மலிவு என்று வீட்டிலும் ஹோட்டல் அறையிலும் பல் கட்டுபவர்களிடம் போகாதீர்கள். 2017இல் மலாக்காவில் உரிமம் இன்றிப் பல் கிளினிக் நடத்திய ஒருவருக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மூன்றாவது, வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கன்னம் வீங்கி வந்த அந்தத் தாய் ஒரு வாரம் கழித்துத்தான் சிரம்பான் போனார். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. "பரவாயில்லை சார், என் மகனோட பல்லு நல்லா இருக்கு" என்று சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.