நாய்க்குட்டியின் முதல் இரவுகள்

மழைக்காலம் ஓயத் தொடங்கியதும் காரைக்கால் தெருக்களில் நாய்க்குட்டிகள் பெருகிவிடுகின்றன. பூட்டிய கடைகளின் படிக்கட்டுக்கு அடியிலும், பழைய வீடுகளின் திண்ணையோரத்திலும் ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். அன்றிரவே அழுகை தொடங்குகிறது. நாய் ஊளையிட்டால் அந்தத் தெருவில் சாவு விழும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் முகச்சுளிப்புக்கு மூன்று நாள்கூடத் தேவைப்படுவதில்லை. வாரம் முடிவதற்குள் குட்டி மீண்டும் தெருவுக்கே போய்விடுகிறது, இம்முறை தாயும் உடன்பிறப்புகளும் இல்லாமல்.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவு, நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்புகளிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அவ்வாறு எடுத்தவை மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சொல்கிறது. அந்தப் பொறுப்பு நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் முதல் சில இரவுகளில்தான் என்பது என் கணிப்பு.

குட்டி ஏன் அழுகிறது? பிறந்த நாள் முதல் அது தனியாக உறங்கியதே இல்லை. தாயின் வயிற்றுச் சூடும் உடன்பிறப்புகளின் மூச்சும்தான் அதற்குப் படுக்கை. வழி தவறிய குட்டியைத் தாய் தேடி வருவதற்காக இயற்கை கொடுத்த அழைப்பே அந்த ஓலம். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய அளவு மார்ஃபின் கொடுத்தபோது தனித்துவிடப்பட்ட குட்டிகளின் அழுகை குறைந்தது. உடல் வலியைத் தணிக்கும் மருந்து பிரிவுத் துயரையும் தணித்தது என்பதுதான் அதிலிருந்து நாம் அறிய வேண்டியது. குட்டிக்கு இது பிடிவாதமன்று, ஏறத்தாழ வலி.

ஆகவே, ‘அழுதழுது தானே அடங்கிவிடும்’ என்று கொல்லைப்புறத்தில் கட்டிப்போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அடங்கத்தான் செய்யும்; களைத்துப்போய் அடங்கும். மறுநாள் இருட்டியதும் அச்சம் முன்னதாகவே வந்துவிடும். எங்கள் வீட்டில் வளர்ந்த மூன்று நாட்டு நாய்களும் முதல் வாரம் என் பாய்க்கு ஒரு முழ தூரத்தில், அட்டைப் பெட்டிக்குள்தான் உறங்கின. முனகும்போது கையை நீட்டிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். தூக்கிக் கொஞ்ச வேண்டியதில்லை. பிறகு இரண்டு மூன்று இரவுகளுக்கு ஒருமுறை பெட்டியைக் கதவுப் பக்கமாகச் சற்றுச் சற்றாக நகர்த்தினோம்.

தாய் படுத்த பழைய சாக்கோ, தாய்மேல் தேய்த்தெடுத்த துணியோ கிடைத்தால் அதைப் பெட்டிக்குள் விரிக்க வேண்டும். அந்த வாசனை பெரிய ஆறுதல். மார்கழிக் குளிரில் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியில் சுற்றி ஓர் ஓரமாக வைக்கலாம். சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க இடமிருக்க வேண்டும். துணிக்குள் கடிகாரத்தைச் சுற்றிவைத்தால் தாயின் நெஞ்சொலி என்று குட்டி நம்பும் என்பார்கள். அது நம்புகிறதோ இல்லையோ, வைத்தவருக்கு நிம்மதி.

இரவில் எழும் ஒவ்வொரு அழுகையும் தனிமையால் வருவதில்லை. இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். ஆகவே உறங்கப் போகுமுன் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். விளக்கைப் பெரிதாக ஏற்றாமல், பேச்சுக் கொடுக்காமல், வேலை முடிந்ததும் பெட்டிக்கே திரும்ப வேண்டும். அந்நேரத்தில் விளையாடினால் நாளை முதல் அது விளையாடவே எழுப்பும். கடைசி உணவு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். பாலும் சோறும் பிசைந்து வைப்பது நம் வழக்கம். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கி இரவைக் கெடுக்கும். வேகவைத்த மீனை முள்ளின்றி எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பது மேல். கருவாடு வேண்டாம், அதன் உப்பு கெடுதல். வயிறு உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வாந்தியோடு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் இருந்தால் பார்வோ நோயாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

எந்த வயதில் எடுத்து வருகிறோம் என்பதும் முக்கியம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள். தெருக்குட்டிக்குச் சட்டம் எதுவாயினும் இயற்கை ஒன்றுதான். உடன்பிறப்புகளோடு கடித்து விளையாடியே அது கடியின் அளவைக் கற்கிறது. கண் திறந்தவுடன் தூக்கி வந்த குட்டி அதிகம் அழும், பின்னர் அழுந்தவும் கடிக்கும். பிள்ளைகளைக் கடித்தாலோ கீறினாலோ, குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

அண்டை வீட்டாரிடம் முதல் இரவுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. ‘ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று பகலிலேயே கேட்டவரிடம் இரவில் சண்டைக்கு வருவோர் எங்கள் தெருவில் குறைவு. நான்கைந்து மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் இரவு முழுவதும் உறங்கப் பழகிவிடுகின்றன. அதற்குள் பெட்டியும் திண்ணைக்குப் போய்விடும்.