டிராக்டர் டயரும் பக்கத்து ஊர் டயர்க் கடையும்

நடவுக்குச் சேறு கலக்கும் நாளில் டிராக்டரின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிடுமாயின், அன்றைக்கு அமர்த்திய ஆட்களின் கூலியும், முறைவைத்து விடப்பட்ட வாய்க்கால் நீரும், பறித்துக் கட்டிய நாற்றும் ஒருங்கே வீணாகும். அவ்வேளையில் குடியானவருக்குக் கைகொடுப்பவர் டிராக்டர் விற்ற கம்பெனியார் அல்லர்; பெருஞ்சாலை ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையும், காற்றடிக்கும் யந்திரமும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கும் டயர்க் கடைக்காரரே ஆவார். அவரிடமிருந்து எவ்வித உதவியைப் பெறலாம், எதை அவரிடம் கேட்கலாகாது என்பதை நிலச்சுவான்தார்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவதாக, கடைக்காரரை வயலுக்கு அழைக்கும்போது நான்கு விஷயங்களைத் தவறாது தெரிவிக்க வேண்டும். டயரின் அளவு என்ன, பழுதானது எந்தச் சக்கரம், அதனுள் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா, வண்டி சேற்றில் நிற்கிறதா கெட்டித் தரையில் நிற்கிறதா என்பவையே அவை. அளவு டயரின் பக்கச் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 13.6-28 என்றிருந்தால், டயரின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம், அது பொருந்தும் ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம் என்று பொருள். முன்சக்கரங்கள் பெரும்பாலும் 6.00-16 ஆக இருக்கும். இவற்றைச் சொல்லாது "டயர் பஞ்சர், சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் லாரிக்குரிய சாமான்களோடு வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். தண்ணீர் நிரப்பிய பின்சக்கரம் நூற்றைம்பது லிட்டருக்கு மேற்பட்ட நீரைத் தாங்கி நிற்பதாதலால், அதைக் கழற்ற இரண்டு ஆட்களாவது வேண்டும். மறுபடி நிரப்பப் பம்பும் வேண்டும்.

அவர் வந்து சேருமுன் வண்டியைத் துளியும் ஓட்டலாகாது. காற்றிறங்கிய டயரோடு வரப்பைத் தாண்டி நாலு கஜம் ஓட்டினாலும், உள்ளிருக்கும் டியூப் மடிந்து அரைபட்டு நாசமாகும். பக்கச் சுவரின் நூலடுக்குகளும் முறியும். சிறிய ஒட்டு ஒன்றினால் தீரவேண்டிய பழுது, புதிய டயர் வாங்கும் செலவாக முடிவது பெரும்பாலும் இந்த அவசரத்தினாலேயே. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்து, ஜாக்கியின் அடியில் அகலமான பலகை ஒன்றை இட்டுக் காத்திருப்பதே தக்கது. சேற்றில் வெறும் ஜாக்கி அமிழ்ந்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் பக்கங்களில் பஞ்சருக்குப் பெரும் காரணம் சீமைக் கருவேல முள்ளாகும். இம்முள் டயரைத் துளைத்தபின் வெளியில் ஒடிந்து, உள்ளே நுனி மட்டும் ஊசிபோல் தங்கிவிடும். டியூப்பை ஒட்டி, அதே டயரில் மறுபடி பொருத்தினால், இரண்டொரு நாளில் அதே இடத்தில் காற்று இறங்கும். குடியானவர் கடைக்காரரின் ஒட்டைக் குறைகூறுவார், கடைக்காரர் டியூப்பைக் குறைகூறுவார், இருவருமே குற்றமற்றவர்கள். ஆகையால் டியூப்பை வெளியே எடுத்தவுடன், டயரின் உட்பக்கம் முழுவதையும் ஒரு பருத்தித் துணியால் சுற்றிலும் தடவிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். முள் நுனி இருந்தால் துணியின் நூலை இழுத்துக் காட்டிவிடும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். அகப்பட்ட முள்ளைக் குறடால் பிடுங்கியபின், டியூப்பைத் தொட்டியில் அமிழ்த்தி ஒரே ஒரு துவாரமா, பலவா என்று குமிழிகளைக் கொண்டு தெரிந்துகொள்க. முள்வேலி ஓரம் சென்று வந்த சக்கரத்தில் ஒரு துவாரம் மட்டும் இருப்பது அபூர்வம். வால்வையும் மறக்கலாகாது. அதன் வாயில் சிறிது சோப்பு நீரை இட்டால் கசிவு தெரிந்துவிடும். பல சமயங்களில் உள்ளூசியை முறுக்குவதோ மாற்றுவதோ போதுமானது. வால்வு மூடி சிறு பொருளேயாயினும், சேற்றில் உழலும் சக்கரத்துக்கு அது இன்றியமையாதது.

இனி, காற்றின் அளவைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில் கடைக்காரருக்கும் குடியானவருக்கும் கருத்து வேறுபடுவது இங்கேதான். கடைக்காரர் நாள் முழுதும் லாரிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் காற்றடித்துப் பழகியவர். டிராக்டரின் பின்சக்கரத்துக்கோ உழவு வேலையில் பெரும்பாலும் 12 முதல் 16 பவுண்டு வரையிலேயே போதும். கட்டாயமான அளவு வண்டியோடு தந்த கையேட்டில் காணப்படும். லாரிக்காக ஏற்பட்ட அளவு கருவியில் 12 பவுண்டு என்பது முள் அசைந்ததும் அசையாததுமான இடம். ஆதலால் குறைந்த அழுத்தம் காட்டும் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது சிறந்தது.

காற்று மிகுந்தால் டயர் விறைத்து, மண்ணைப் பற்றும் பரப்புக் குறைந்து, சக்கரம் வீணே வழுக்கிச் சுழலும். டீசல் செலவு கூடும். காற்றுக் குறைந்தால் வேறொரு கெடுதி உண்டு. கனமான இழுப்பின்போது ரிம் சுழல, டயர் அதனோடு சேர்ந்து சுழலாது சிறிது பின்தங்கும். டியூப் டயரோடு ஒட்டி நிற்பதாலும், வால்வுத் தண்டு ரிம்மின் துவாரத்தில் மாட்டியிருப்பதாலும், தண்டு அடியோடு பிய்ந்துபோகும். வால்வு சாய்ந்திருக்கக் கண்டால் இதுவே காரணம் என்க. டயரிலும் ரிம்மிலும் தொடர்ச்சியாக ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்து வைத்தால், கோடு விலகுவதைக் கொண்டு இக்கெடுதியை முன்கூட்டியே அறியலாம். கரும்போ நெல்லோ ஏற்றிச் சாலையில் செல்லும்போது, கையேட்டில் பாரத்துக்கெனக் குறித்த அதிக அளவுக்குக் காற்றை உயர்த்த வேண்டும். வயலுக்குத் திரும்பியதும் இறக்க வேண்டும். இதைச் செய்வோர் மிகச் சிலரே.

டயரைத் திருப்பி மாட்டும்போது பட்டைகளின் திசையைக் கவனிக்க. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டைகள் கூரை முகடுபோல் நுனி மேல்நோக்கி அமைந்திருக்க வேண்டும். மாறி மாட்டினால் சேறு வெளியே ஒதுங்காது பட்டைகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். அவசரத்தில், அதுவும் இருட்டில், இப்பிழை நேர்வதுண்டு.

இப்போது உயிருக்கு அபாயமான இரண்டு காரியங்களைச் சொல்லவேண்டும். டயரின் விளிம்பு ரிம்மில் படியாதபோது, "இன்னும் கொஞ்சம் காற்று விட்டால் படிந்துவிடும்" என்று ஏற்றிக்கொண்டே போவது முதலாவது. பின்சக்கர டயரில் விளிம்பு படியவைக்க 35 பவுண்டைத் தாண்டலாகாது. அதற்குள் படியாவிட்டால், காற்றை முழுதும் இறக்கி, விளிம்பில் சோப்பு நீர் தடவி மறுபடி முயல்க. எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். காற்றேறும்போது எவரும் டயரின் பக்கச் சுவருக்கு நேரே குனிந்து நிற்கவோ, குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடவோ கூடாது. நீண்ட குழாயும், வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையும் உள்ள கடையையே நாடுக.

இரண்டாவது இதனினும் கொடிது. தண்ணீர் நிரப்பிய சக்கரங்களில் நாளடைவில் ரிம் துருவேறி விரிசல் காண்பது இயல்பு. டயர்க் கடைக்கு அடுத்தாற்போல் வெல்டிங் பட்டறை இருக்கும். டயரைக் கழற்றும் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, அப்படியே ரிம்மைப் பற்றவைக்கச் சொல்வர். இது ஒருபோதும் கூடாது. ரிம்மில் ஏறும் சூட்டினால் உள்ளிருக்கும் ரப்பர் எரியக்கூடிய ஆவியைக் கக்கும். அவ்வாவி உள்ளிருக்கும் காற்றோடு கலந்து தீப்பற்றி வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோம், உள்ளூசியை எடுத்துவிட்டோம் என்பது பாதுகாப்பாகாது. பற்றவைத்து முடித்துச் சில நிமிஷங்கள் கழிந்தபின் வெடிப்பதும் உண்டு. டயரையும் டியூப்பையும் முழுவதும் நீக்கிய வெறும் ரிம்மையே பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். அதை மறுக்கும் கடைக்காரரிடம் வாதாடாமல் வேறிடம் செல்க.

புதிய டயர் வாங்குவோர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்து வாங்குக. 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரே அச்சில் ஒருபுறம் புதியதும் மறுபுறம் தேய்ந்ததுமாக மாட்டுவது தவிர்க்கத்தக்கது. டிராக்டர் பின்சக்கர டயருக்கான வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே ரசீது கேட்டு வாங்குவதில் நஷ்டமில்லை. நூலடுக்கு வெளித்தெரியாமலும் பக்கச் சுவர் வெடிக்காமலும் இருக்கும் பழைய டயருக்கு மேற்பட்டை புதுப்பித்துக்கொள்ளலாம். நூல் தெரிந்தபின் அதைப்பற்றி யோசிப்பது பயனற்றது.

கழித்த டயர்களைப்பற்றிக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கடையோரத்திலும் களத்துமேட்டிலும் குவிந்து கிடக்கும் டயர்களில் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாட்களே போதும். ஆகையால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டச் செய்ய வேண்டும். நீர் வற்றிவிட்டால் தொல்லை தீர்ந்ததென்று எண்ணலாகாது. உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும், அடுத்த மழையில் பொரிக்கும். எனவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, கூரையின் கீழ் அடுக்கவோ மழை படாது மூடவோ செய்க. போகியன்று இவற்றைக் கொளுத்தி ஊரெங்கும் கரும்புகை பரப்பும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். கழிவு டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் டயர் உற்பத்தியாளர்மீதும் இறக்குமதியாளர்மீதும் சுமத்தியுள்ளன. ஆகவே சேர்ந்த டயர்களை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குச் சேர்ப்பிக்கும்படி கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லலாம். மார்கழி பிறக்குமுன் ஒருமுறை கடைகளைச் சுற்றிப் பார்த்து வருவது, போகிக்கு முந்திய நாளில் தடுக்க முயல்வதைவிட எளிது.