கேசட்டுக்குள் அழியும் விளையாட்டுகள்: நாம் காப்பாற்ற முடியுமா?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், நிறம் மங்கிப்போன ஒரு பழைய வீடியோ கேம் கருவி 360,000 டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 15 லட்சம் ரிங்கிட். நிந்தெண்டோவும் சோனியும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கி, பாதியில் கைவிட்ட கருவியின் முன்மாதிரி அது. அதை விற்றவர், 2009-இல் திவாலான ஒரு நிறுவனத்தின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, மற்றச் சாமான்களோடு சேர்த்து வெறும் 75 டாலருக்கு எடுத்திருந்தார்.

இந்தச் செய்தியை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம், “எங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்குமா?” என்ற கேள்விதான் முதலில் வரும். லட்சக்கணக்கில் விலைபோகும் பொருள் நம் வீட்டில் இருப்பது அபூர்வம். ஆனால் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கும் கேசட்டுகள் நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஈப்போவில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஓய்வு நேரத்தில் பழைய கேம் கேசட்டுகளைத் திறந்து, சுத்தம் செய்து, உள்ளே இருப்பதைப் படியெடுத்து வைக்கிறேன். அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மைக்ரோ ஜீனியஸ் காலம்

ஜப்பானில் நிந்தெண்டோவின் ஃபேமிகாம் கருவி 1983 ஜூலை 15-இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் கைக்கு வந்தது அதன் நகல். தைவானில் இருந்து வந்த ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயர் அவ்வளவு பிரபலம். வேறு நிறுவனத்தின் நகலைக்கூட நாம் அந்தப் பெயரிலேயே அழைத்தோம். விளையாட்டு அடங்கிய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஆங்கிலத்தில் கேட்ரிட்ஜ் என்று பெயர். நமக்கு அது எப்போதும் ‘கேசட்’தான்.

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தில் ஒரு வீட்டில் கருவி இருந்தால், அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது சொந்தம். இரவில் ஜெனரேட்டரை நிறுத்தும் நேரம் நெருங்கினால் விளையாட்டும் வேகமெடுக்கும்; மின்சாரம் நின்றால் மறுநாள் முதல் கட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஈப்போவுக்குப் போகிற அண்ணன்மார்கள், கையில் இருக்கும் கேசட்டோடு சில வெள்ளியும் கொடுத்து வேறு கேசட் மாற்றி வருவார்கள்.

அந்தக் கேசட்டுகளில் ‘150 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் உண்மையில் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே இருக்கும். மற்றவை எல்லாம் அதே விளையாட்டை வேறு கட்டத்தில் இருந்து தொடங்க வைத்து, வேறு பெயர் சூட்டியவை. அசல் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் திரையில் இருந்து நீக்கியிருப்பார்கள். அவை கள்ளப் பிரதிகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு தலைமுறைத் தோட்டப் பிள்ளைகள் மின்னணு உலகத்தை முதன்முதலில் தொட்டது அவற்றின் வழியாகத்தான். அசல் விளையாட்டுகளைக் காக்க ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் புழங்கிய இந்தக் கேசட்டுகளை நாம் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

சில்லுக்குள் என்ன நடக்கிறது?

கேசட்டுக்குள் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையும் சில சில்லுகளும் இருக்கும். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 உலோகத் தொடுமுனைகள். 1985-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே படம் 4 மெகாபைட் என்றால், அந்த இடத்தில் நூறு மரியோவை அடக்கிவிடலாம்.

கடைகளில் விற்ற அசல் கேசட்டுகளில் பெரும்பாலும் ‘மாஸ்க் ரோம்’ என்ற சில்லு இருக்கும். தயாரிக்கும்போதே தரவு அதன் அமைப்பில் பதிந்துவிடுவதால் அது நீண்ட காலம் தாங்கும். முன்மாதிரிக் கேசட்டுகளின் கதை வேறு. ஒரு விளையாட்டை உருவாக்கும்போது அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும். அதற்காக அழித்து எழுதக்கூடிய ‘ஈப்ரோம்’ சில்லைப் பயன்படுத்தினார்கள். அதன் நடுவில் சிறிய கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன்மீது புற ஊதா ஒளி பட்டால் தரவு அழியும். பிறகு புதிதாக எழுதலாம். அதனால்தான் சன்னல்மேல் ஒரு தாளை ஒட்டி மூடிவைப்பார்கள். தரவு அங்கே மிக நுண்ணிய மின்னூட்டமாகத் தேங்கியிருக்கிறது. ஒளியே படாவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும்.

விளையாட்டைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளில் ஒரு வட்ட மின்கலமும் இருக்கும். அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், ஆனால் நீங்கள் சேமித்தது போய்விடும். இவற்றோடு நம் நாட்டு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. தொடுமுனைகள் கறுத்துத் துருவேறுகின்றன. கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதினோமே, அந்த எச்சில் ஈரமும் துருவுக்குத்தான் துணைபோனது.

ஒரே ஒரு பிரதி

முன்மாதிரிகளைக் காப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று. 1989-இல் ஜப்பானில் வெளிவந்த ‘மதர்’ என்ற விளையாட்டை நிந்தெண்டோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்தது, ஆனால் வெளியிடவில்லை. ஆங்கில முன்மாதிரி ஒன்று தனியார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1998-இல் ஆர்வலர் குழு ஒன்று அதன் உள்ளடக்கத்தைப் படியெடுத்தது. 2015-இல்தான் நிந்தெண்டோ அதை ‘எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்’ என்ற பெயரில் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளும் உலகம் அந்த ஆங்கில வடிவத்தை அறிந்தது அந்தப் படியின் வழியாகத்தான்.

இன்னொன்று ‘சிம்சிட்டி’. பழைய நிந்தெண்டோ கருவிக்காக இதை உருவாக்கி, 1991-இல் ஒரு கண்காட்சியிலும் காட்டினார்கள். பிறகு அந்த வடிவம் காணாமலேயே போனது. 2017-இல் முன்மாதிரிக் கேசட்டுகள் கிடைத்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதைப் படியெடுத்து ஆய்வு செய்து, 2018-இல் பொதுவில் வைத்தது.

இதே அறக்கட்டளை 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் வந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையிலும் இணையத்திலும் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்கிறது அது. பதிவும் பட்டியலும் உள்ள அமெரிக்காவிலேயே இந்த நிலை.

படியெடுப்பதும் பாடபேதமும்

படியெடுப்பதற்குக் கேசட் படிப்பான் என்ற சிறு கருவி போதும். கேசட்டை அதில் செருகிக் கணினியோடு இணைத்தால், சில்லின் ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு, அங்கே இருக்கும் தரவை வரிசையாக எழுதிக்கொள்ளும். ஒரு முறை படித்தால் போதாது. இரண்டு மூன்று முறை படித்து, கோப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ‘ஹாஷ்’ என்ற கணக்கு உதவுகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் எண் மாறிவிடும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நோ-இன்ட்ரோ’ போன்ற ஆர்வலர் குழுக்கள் ஏற்கெனவே அறிந்த விளையாட்டுகளின் இந்த எண்களைப் பட்டியலிட்டிருக்கின்றன. உங்கள் எண் பட்டியலோடு ஒத்தால் படி சரி. ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று தொடுமுனை அழுக்கு. அல்லது இதுவரை யாரும் பதிவு செய்யாத வடிவம்.

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். ஒரு சுவடியோடு நின்றுவிடாமல், பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலை அழியும் என்று நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். சில்லுக்கும் அதே விதிதான். அதன் ஆயுள் ஓலையைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

பிஸ்கட் டின்னில் வந்த கேசட்

பேராக்கில் பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. நண்பர் ஒருவரின் குடும்பம் பழைய லயத்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவை வழக்கமான ‘இன் 1’ வகை. ஒன்றுக்கு மட்டும் மேல்மூடியும் இல்லை, பெயர்த்தாளும் இல்லை. பலகையில் சன்னல் வைத்த இரண்டு ஈப்ரோம் சில்லுகள். அவற்றில் ஒன்றின்மேல் ஒட்டியிருந்த தாள் உரிந்துபோயிருந்தது. பல ஆண்டுகள் அது சன்னல் ஓரத்தில்தான் கிடந்தது என்றார் நண்பரின் தாயார்.

மூடியிருந்த சில்லு மூன்று முறையும் ஒரே மாதிரி படித்தது. திறந்திருந்த சில்லில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தரவு. மின்னழுத்தத்தைச் சற்று மாற்றிப் படித்தால் பலவீனமான சில்லில் இருந்து சில நேரம் மீட்கலாம். அப்படியும் கொஞ்சம்தான் வந்தது. திரையில் சில எழுத்து வடிவங்களும் ஒரு சிறு உருவமும் தெரிகின்றன. அதற்குமேல் எதுவும் ஓடவில்லை. உள்ளூர்க் கடைக்காரர் யாரோ போட்டுக் கொடுத்த சாதாரண நகலாகவும் இருக்கலாம். உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டிய பாதித் தரவை வெயில் எடுத்துக்கொண்டுவிட்டது. அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு துண்டுத் தாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதிப் பாதுகாக்கிறது. அசல் பிரதிக்குச் சொந்தக்காரர், அது தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்த ஒரு காப்புப் படி எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடம் தருகிறது. அதை மற்றவருக்கு விநியோகிப்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு விஷயம். கள்ளப் பிரதிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. இங்கே வெளியாகும் படைப்புகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டில் இருந்து பெயரில்லாமல் வந்த இந்தக் கேசட்டுகளுக்கு அந்த வாசலும் திறக்கவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுத் தலைப்பு: உரிமையாளர் யார் என்றே தெரியாத படைப்பை ஒரு சமூகம் எப்படிச் சட்டப்படி பாதுகாப்பது?

நீங்கள் செய்யக்கூடியவை

சில்லைத் தொடாமலேயே செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு.

• கேசட்டின் முன்பக்கம், பின்பக்கம், தொடுமுனை மூன்றையும் தெளிவாகப் படம் எடுங்கள். பெயர்த்தாளைக் கிழிக்க வேண்டாம். அதில் கையால் எழுதிய பெயரோ விலையோ இருந்தால் அதுவும் சான்று.

• எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில், எந்த ஊரில் வாங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். சில்லில் இருப்பதைக் கருவி படித்துவிடும். இந்தத் தகவல் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

• ஊத வேண்டாம். மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தொடுமுனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள்.

• சன்னல் உள்ள சில்லைக் கண்டால் உடனே ஒளி புகாத தாளால் மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

• சேமிப்பு மின்கலத்தை நீங்களே பிடுங்க வேண்டாம். அது பலகையோடு சோல்டரிங் செய்யப்பட்டது. எடுத்த உடனே சேமித்தவை அழியும். முதலில் படியெடுக்க வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மின்னணுவியல், கணினி, வரலாறு, நூலகவியல் எனப் பல துறை மாணவர்கள் ஒன்றுசேர்ந்தால் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதைவிடச் சுவையான பொருள் கிடைப்பது கடினம். பல ‘இன் 1’ கேசட்டுகளில் சில்லுக்குப் பதில் பலகைமேல் கறுப்புப் பிசின் பொட்டுதான் இருக்கும். அதன் சுற்று எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடிப்பதே ஓர் ஆராய்ச்சி.

வரும் பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவீர்கள். அங்கே பழைய அலமாரியை ஒழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், குப்பைப் பை வருவதற்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மாமாவையோ சித்தப்பாவையோ பக்கத்தில் உட்காரவையுங்கள். “இது யாருடையது? எங்கே வாங்கியது?” என்ற இரண்டு கேள்வியில் இருந்து தொடங்குங்கள்.